டிரம்ஸுக்குப் பின்னால் ஒரு குரல்

மென் ராக்கின் கதை – 9

ஒரே பாட்டை மூன்று தடவை பதிவு செய்தார்கள். முதல் தடவை டிரம்ஸ் வாசித்தவரும் பாடியவரும் ஒருவரே: கேரன் கார்பென்டர். அப்போதுதான் 20 வயதை எட்டிய பெண். கம்பெனி முதலாளி ஹெர்ப் ஆல்பெர்ட்டுக்குத் திருப்தியில்லை. தாளத்தில் அழுத்தம் போதவில்லை என்று நினைத்தார். இரண்டாவது தடவை டிரம்ஸில் ஹால் பிளெய்ன், பியானோவில் லாரி நெக்டெல். இப்போது அழுத்தம் கூடிப்போயிற்று. மூன்றாவது தடவை பியானோவுக்கு அண்ணன் ரிச்சர்ட் திரும்பி வந்துவிட்டார். டிரம்ஸுக்குத் தங்கை திரும்பவில்லை. ஹால் பிளெய்னே அங்கே உட்கார்ந்திருந்தார்.

அந்த மூன்றாவது பதிவுதான் 1970 ஜூலை 25 அன்று பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடத்துக்கு வந்து நான்கு வாரம் அசையாமல் நின்றது. பாட்டின் பெயரைச் சுருக்கமாக ‘க்ளோஸ் டு யூ’ என்பார்கள். அதே பெயரில் ஆகஸ்ட் 19 அன்று ஆல்பமும் வந்தது. கார்பென்டர்ஸ் என்ற குழுவின் இரண்டாவது ஆல்பம். சென்ற அத்தியாயத்தில் லாஸ் ஏஞ்சலஸின் ஸ்டூடியோ வாத்தியக்காரர்களைப் பற்றி எழுதியபோது இந்த ஆல்பத்தைப் போகிற போக்கில் தொட்டிருந்தேன். அது நியாயமில்லை. மென் ராக் என்ற இசைக்கு வீட்டு வரவேற்பறையில் நாற்காலி போட்டுக் கொடுத்ததே இதுதான். ஆனால் இதை எத்தனை முறை கேட்டாலும் என் மனம் போய் நிற்பது பாட்டிலோ குரலிலோ அல்ல, அந்தப் பெண் எழுந்து வந்த டிரம்ஸ் ஸ்டூலில்.

கேரன் டிரம்ஸுக்கு வந்ததே ஒரு சாக்கில்தான். குடும்பம் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனைச் சேர்ந்தது. 1963இல் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து, லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே டவுனி என்ற ஊரில் வீடு பார்த்தார்கள். வீட்டின் நம்பிக்கை முழுவதும் மூத்தவர் ரிச்சர்ட் மேல். பியானோவில் அவருக்கு ஓர் எதிர்காலம் உண்டு, அதற்கு ஹாலிவுட் பக்கத்தில் இருப்பது நல்லது என்பது பெற்றோர் போட்ட கணக்கு. மூன்று வயது இளைய கேரனுக்கு டவுனி உயர்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி வகுப்பு வேப்பங்காய். அதிலிருந்து தப்பிக்க ஒரே வழி அணிவகுப்பு வாத்தியக் குழுவில் சேர்வது. சேர்ந்தார். கையில் கொடுத்தது குளோக்கன்ஸ்பீல். உலோகப் பட்டைகளைத் தட்டினால் மணிபோல் ஒலிக்கும் கருவி. அதைத் தட்டிக்கொண்டே, கண் பக்கத்து வரிசையில் டிரம்ஸ் அடித்த பையன்கள் மேல் போயிற்று. அவர்கள் செய்வதைத் தானும் செய்யலாமே என்று தோன்றியது.

அதன்பின் வீட்டில் லட்விக் டிரம் செட் வந்தது. டேவ் புரூபெக் குழுவின் ஜோ மொரெல்லோ போன்ற ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டுக் கேட்டுப் பழகினார். பெண் டிரம்மர் என்றாலே ஊர் வேடிக்கை பார்த்த காலம் அது. கேரனுக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை. பின்னாளில் எத்தனையோ பேட்டிகளில் தன்னைப் பாடகி என்று சொல்லிக்கொள்ளாமல், பாடவும் செய்கிற டிரம்மர் என்றே சொல்லிவந்தார். இதை அடக்கம் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் தன்னைச் சரியாகவே அறிமுகப்படுத்திக்கொண்டார். நாம்தான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

பாட்டு வந்தது வேறொரு வாசல் வழியாக. ஜோ ஆஸ்போர்ன் என்ற பேஸ் கிட்டார்க்காரரை சென்ற வாரம் பார்த்தோம். பகலெல்லாம் பெரிய ஸ்டூடியோக்களில் மற்றவர்களுக்கு வாசித்துவிட்டு, இரவில் தன் வீட்டு கராஜில் சொந்தமாக ஒரு சின்ன ஸ்டூடியோ நடத்தியவர். 1966இல் டிரம்பெட் வாசிக்கிற நண்பர் ஒருவர் அங்கே தேர்வுக்குப் போனபோது பியானோ துணைக்கு ரிச்சர்டை அழைத்துப் போனார். கூடவே தங்கையும் போனார். பின்னிரவு நேரம். பேச்சுவாக்கில் அந்தப் பெண்ணையும் பாடச் சொல்லிக் கேட்டார் ஆஸ்போர்ன். டிரம்பெட் அதோடு மறந்துபோயிற்று. தன் குட்டி இசைத்தட்டுக் கம்பெனியான மேஜிக் லாம்ப்புக்கு கேரனை ஒப்பந்தம் செய்துகொண்டார். வயது 16. வெளிவந்த ஒரே சிங்கிள் கேட்பாரற்றுப் போனது, கம்பெனியும் சீக்கிரமே மூடப்பட்டது.

ஆனால் கராஜின் கதவு மூடவில்லை. அண்ணனும் தங்கையும் விருப்பம்போல வந்து பதிவு செய்துகொள்ள ஆஸ்போர்ன் இடம் கொடுத்தார். அங்கேதான் அவர்களுடைய பாணி பிறந்தது. இருப்பதோ இரண்டு தொண்டை. கேட்க வேண்டியதோ ஒரு பாடகர் கூட்டம். என்ன செய்வது? ஒரு ட்ராக்கில் பாடுவது, அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த ட்ராக்கில் வேறு ஸ்வரத்தில் பாடுவது, அதன்மேல் இன்னொன்று. நான்கு பாகமாகக் குரல்களைப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் இரண்டு மூன்று தடவை தாங்களே பாடி அடுக்கினார்கள். ரிச்சர்ட் இதைச் சிறுவயதில் லெஸ் பால், மேரி ஃபோர்ட் இசைத்தட்டுகளில் கேட்டு மயங்கியிருந்தார். ஒரே ரத்தம் என்பதால் இரு குரல்களின் நிறமும் ஒட்டிக்கொண்டது. ஒருவர் எங்கே முடிகிறார், மற்றவர் எங்கே தொடங்குகிறார் என்று காதுக்குத் தெரியாது. பின்னால் உலகமே கார்பென்டர்ஸ் குரல் என்று அடையாளம் கண்டுகொண்ட அந்த மெத்துமெத்தென்ற ஒலி, கார் நிறுத்துகிற அறையில் ராத்திரி கண் விழித்துச் செய்த வேலை.

இடையில் நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரிச்சர்ட் பியானோ, கேரன் டிரம்ஸ், வெஸ் ஜேகப்ஸ் என்ற நண்பர் டியூபாவும் பேஸும் என்று மூவர் ஜாஸ் குழு ஒன்று இருந்தது. 1966 ஜூன் 24 அன்று ஹாலிவுட் பவுல் அரங்கில் நடந்த இளைஞர் குழுக்களின் போட்டியில் பரிசைத் தட்டிக்கொண்டு வந்தது. ஆர்சிஏ கம்பெனி ஒப்பந்தம் போட்டது, சில பாடல்களைப் பதிவு செய்தது, எதையும் வெளியிடாமல் கைவிட்டது. டியூபா வைத்த ஜாஸை யார் வாங்குவார்கள் என்று அவர்கள் யோசித்திருந்தால் குற்றம் சொல்ல முடியாது. பிறகு கல்லூரி நண்பர்களோடு சேர்ந்து ஸ்பெக்ட்ரம் என்ற குழு. லாங் பீச் மாநிலக் கல்லூரியின் சேர்ந்திசை ஆசிரியர் ஃபிராங்க் பூலரிடம் குரல்களை எப்படி இணைப்பது என்று பாடம். கிளப்புகளில் வாய்ப்பு கிடைத்தால் மக்கள் ஆடாமல் நின்று கேட்டார்கள். கிளப் முதலாளிகளுக்கு அது நஷ்டக் கணக்கு.

1967 கோடையில் ரிச்சர்டும் பாடலாசிரிய நண்பர் ஜான் பெட்டிஸும் டிஸ்னிலேண்டில் வேலைக்கு இருந்தார்கள். அங்கே மெயின் ஸ்ட்ரீட் என்ற பழைய காலத்துத் தெரு ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதில் கோக் கார்னர் என்ற கடையில் நூற்றாண்டுத் தொடக்கப் பாடல்களை வாசிக்க வேண்டும். வந்தவர்கள் புதுப்பாட்டு கேட்டார்கள், இவர்களும் வாசித்தார்கள். மேற்பார்வையாளருக்குப் பிடிக்கவில்லை, வேலை போயிற்று. கோபத்தை இருவரும் வீணாக்கவில்லை. கோட்டும் டையும் போட்டுக்கொண்டு கம்பெனிக்கு ஆமாம் சாமி போடுகிற மனிதரைக் கிண்டல் செய்து ‘மிஸ்டர் கூடர்’ என்று ஒரு பாட்டு கட்டினார்கள். நாம் பேசிக்கொண்டிருக்கிற ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் அது இருக்கிறது. சமர்த்துப் பிள்ளைகள், பெரியவர்களுக்குப் பிடித்த பிள்ளைகள் என்று பின்னாளில் பெயர் வாங்கிய இருவரின் ஆல்பத்தில் மேலாளரை நையாண்டி செய்யும் பாட்டு! யாரும் கவனித்தமாதிரி தெரியவில்லை. பாட்டு அவ்வளவு இனிமையாக இருந்தது.

ஏ அண்ட் எம் கம்பெனிக்கு வருவோம். டிரம்பெட் வாசிப்பவரான ஹெர்ப் ஆல்பெர்ட்டும் ஜெர்ரி மோஸும் 1962இல் தொடங்கியது. லா பிரியா அவென்யூவில் சார்லி சாப்ளின் தனக்காகக் கட்டிய பழைய சினிமா ஸ்டூடியோவை வாங்கி, 1966 முதல் அங்கே குடியிருந்தது. கார்பென்டர் பிள்ளைகளின் மாதிரி டேப், ஜாக் டாகர்ட்டி என்பவர் வழியாக ஆல்பெர்ட் கைக்குப் போனது. ராக் இசை சத்தமும் நீளமும் கூடிக்கொண்டே போன 1969. ஆல்பெர்ட் அந்தக் குரலைக் கேட்டு ஒப்புக்கொண்டார். ஏப்ரல் 22 அன்று ஒப்பந்தம். கேரனுக்கு 21 ஆகாததால் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

முதல் ஆல்பம் ‘ஆஃபரிங்’ அந்த ஆண்டு அக்டோபரில் வந்து விற்காமல் கிடந்தது. அதில் முழுக்க டிரம்ஸ் கேரன்தான். பாடியதில் பாதிக்குப் பக்கம் ரிச்சர்ட். பீட்டில்ஸ் பாட்டான ‘டிக்கெட் டு ரைட்’டை நிதானமாக, சோகமாக மாற்றிப் பாடிய சிங்கிள் மட்டும் 54ஆம் இடம் வரை ஏறிவிட்டு இறங்கியது. கம்பெனிக்குள் இவர்களை அனுப்பிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. ஆல்பெர்ட் கேட்கவில்லை, இன்னொரு வாய்ப்பு கொடுப்போம் என்றார். அவர் முதலாளி மட்டுமாக இருந்திருந்தால் அனுப்பியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். வாத்தியக்காரர் என்பதால் பொறுத்தார்.

இனி அந்தப் பாட்டு. பர்ட் பேக்கரக் மெட்டு, ஹால் டேவிட் வரிகள். இது புதுப்பாட்டு இல்லை என்பதைப் பலர் அறியமாட்டார்கள். 1963இல் ரிச்சர்ட் சேம்பர்லேன் என்ற நடிகர் பாடினார். அடுத்து டியான் வார்விக், டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட். ஒருவர் கையிலும் அது எழுந்து நிற்கவில்லை. 1968இல் பேக்கரக், டேவிட் ஜோடியின் வேறொரு பாட்டைத் தானே பாடி முதலிடம் பிடித்த ஆல்பெர்ட்டிடம் இதுவும் வந்தது. பதிவு செய்து பார்த்தார், தனக்குப் பொருந்தவில்லை என்று மூட்டை கட்டினார்.

1970 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு நன்கொடை நிகழ்ச்சி. பேக்கரக் கச்சேரி, அவருக்கு முன்னால் பாட கார்பென்டர்ஸுக்கு அழைப்பு. பேக்கரக்கின் பாடல்களையே கோத்து ஒரு தொகுப்பு செய்யும்படி கேட்டிருந்தார்கள். ரிச்சர்ட் அதற்குப் பாட்டு தேடிக்கொண்டிருந்தபோது, ஆல்பெர்ட் மூட்டையிலிருந்து ‘க்ளோஸ் டு யூ’ தாளை எடுத்துக் கொடுத்தார். மெட்டும் வரியும் மட்டுமே உள்ள ஒற்றைத் தாள். பழைய பதிவுகளைக் கேட்காதே என்றார். முதல் சுற்று முடிகிற இடத்தில் பியானோவில் வரும் ஒரு சின்ன அலங்காரத்தை மட்டும் விட்டுவிடாதே, மற்றது உன் இஷ்டம் என்றார். அந்த அலங்காரம் ஓர் அடிக்குள் ஐந்து ஸ்வரம் விழுவது. நம்மூரில் கண்ட நடை என்போமே, அதன் ஒரு துளி.

ரிச்சர்டுக்குப் பாட்டு உடனே பிடித்துவிடவில்லை. தாளை வைத்துக்கொண்டு வர்லிட்சர் எலெக்ட்ரிக் பியானோ முன்னால் உட்கார்ந்தார். தொகுப்பில் அது ஒட்டாது என்று தெரிந்தது. தனியாகவே செய்யலாம் என்று முடிவு. அவர் செய்த முதல் காரியம் வேகத்தைக் குறைத்தது. அதுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. அடி ஒவ்வொன்றும் மூன்றாக உடைந்து திஸ்ர நடையில் ஆடி ஆடி நகர்கிறது; அவசரமே இல்லை. பேக்கரக்கின் மெட்டுகளில் எதிர்பாராத திருப்பங்கள் உண்டு. வேகமாகப் பாடினால் அவை சாமர்த்தியமாகத் தெரியும், மெதுவாகப் பாடினால் ஏக்கமாகிவிடும்.

இரண்டாவதாக, தொடக்கத்தைக் காலியாக விட்டார். பியானோ மட்டும், அதன்மேல் கேரன். மற்ற வாத்தியங்களும் அடுக்குக் குரல்களும் வீட்டுக்கு விருந்தாளி வருவதுபோல ஒவ்வொருவராக வருகிறார்கள். நடுவில் சக் ஃபிண்ட்லி என்பவரின் டிரம்பெட். அவரே பல தடவை வாசித்து அடுக்கியது. ஸ்வரங்களுக்கு இடையே லேசாகச் சறுக்கிப் போக வேண்டும் என்று ரிச்சர்ட் பிடிவாதம் பிடித்தது அந்த இடத்தில்தான். பிறகு அரை ஸ்வரம் மேலே சுருதி ஏறுகிறது. கடைசியில் பாட்டு முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது ஒரு மௌனம். மூச்சுவிட்டு, பொருளில்லாத ஓர் ஓசையை எல்லாக் குரல்களும் சேர்ந்து நீட்டிக்கொண்டு மறுபடி வருகிறார்கள். வானொலி அறிவிப்பாளர்களை ஏமாற்றுகிற இடம். குழந்தைகளுக்குக்கூட முதல் தடவையிலேயே மனப்பாடமாகிவிடுகிற இடமும் அதுதான்.

இத்தனைக்கும் நடுவில் கேரன். பொதுவாகப் பெண் பாடகிகளை உச்சத்துக்கு இழுத்து நிறுத்துவது அன்றைய வழக்கம். கேரனின் செல்வம் மந்தர ஸ்தாயியில் இருந்தது. கீழே இறங்க இறங்கக் குரல் மெலியாமல் கனம் கூடும். மைக்குக்கு மிக அருகில் நின்று, குரலை ஏறக்குறைய பேச்சளவிலேயே வைத்துக்கொண்டு பாடினார். கேட்பவருக்கு மூச்சும் கேட்கும். சோகத்தைக் காட்ட அவர் தனியாக எதையும் செய்வதில்லை: குரலை நடுங்கவிடுவதில்லை, தேம்புவதில்லை. ஒவ்வொரு சொல்லும் தாளத்தில் எங்கே விழ வேண்டுமோ அங்கே, ஒரு மயிரிழை பின்தங்கி விழுகிறது. இது டிரம்மரின் வேலை. அடியை உள்ளே எண்ணத் தெரிந்தவருக்குத்தான் அடிக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்துகொள்ளும் துணிச்சல் வரும். டிரம்ஸை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள், தொண்டையிலிருந்து வாங்க முடியவில்லை.

ஹால் பிளெய்னை இதில் வில்லனாக்கிவிடக் கூடாது. கேரன் மதித்த டிரம்மர் அவர். அந்தத் தலைமுறையில் அவரளவுக்கு முதலிடப் பாடல்களில் வாசித்தவர் வேறு யாருமில்லை. இந்தப் பாட்டுக்கு அவர் வாசித்ததும் அப்பழுக்கில்லாதது. ஆல்பெர்ட்டின் காது சரியாகவே சொன்னது. சரியான முடிவுதான். ஆனாலும் ஒரு முடிவு சரியாக இருப்பது ஒன்று, அதற்கு யார் எழுந்து இடம் விட்டார்கள் என்பது வேறொன்று.

சிங்கிள் மே மாதத்தில் கடைக்கு வந்தது. அந்த மே மாதம் அமெரிக்காவுக்கு எப்படிப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள். கம்போடியாவுக்குள் படை போனதை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 4ஆம் தேதி ஓஹையோ மாநிலத்துக் கென்ட் பல்கலைக்கழக வளாகத்தில் தேசியக் காவல் படை சுட்டதில் நான்கு மாணவர்கள் செத்தார்கள். 15ஆம் தேதி மிசிசிப்பியின் ஜாக்சன் கல்லூரியில் போலீஸ் சுட்டு இருவர். கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் அண்ட் யங் குழு கென்ட் சாவுகளைப் பற்றி உடனே பாடிய சிங்கிள் 14ஆம் இடம் வரை வந்தது. அதே கோடையில்தான் பறவைகளும் நட்சத்திரங்களும் கொண்ட ஒரு காதல் பாட்டு நான்கு வாரம் முதலிடம்.

இதை வைத்து மென் ராக்கையே பயந்தாங்கொள்ளிகளின் இசை என்று எழுதியவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. நாடு எரிகிறது, இவர்கள் தாலாட்டுப் பாடுகிறார்கள் என்று. ஆனால் பட்டியலை வாரவாரியாகப் பார்த்தால் வேறு படம் தெரிகிறது. ‘க்ளோஸ் டு யூ’வை ஆகஸ்ட் 22 அன்று இறக்கியது பிரெட் குழுவின் ‘மேக் இட் வித் யூ’, இன்னொரு மென்பாட்டு. ஒரே வாரம். அடுத்த வாரம் அதை இறக்கியது எட்வின் ஸ்டார் தொண்டை கிழியக் கத்திப் பாடிய போர் எதிர்ப்புப் பாட்டு ‘வார்’. அது மூன்று வாரம் நின்றது. இரண்டையும் வாங்கியது ஒரே நாடு; பல வீடுகளில் ஒரே ஆளாகவும் இருந்திருக்கலாம். காலையில் ஊர்வலத்துக்குப் போனவர் ராத்திரி என்ன கேட்டார் என்று யார் கண்டது?

சிங்கிள் ஓடத் தொடங்கியதும் ஆல்பம் கேட்டது கம்பெனி. அங்கேதான் ஒரு வங்கி கதைக்குள் வருகிறது. கலிபோர்னியாவின் கிராக்கர் வங்கி, இளைஞர்களைக் கணக்குத் தொடங்க வைக்க வேண்டும் என்று விளம்பரக்காரர் ஹால் ரைனியிடம் போயிருந்தது. ரைனி எடுத்த தொலைக்காட்சி விளம்பரத்தில் வட்டி விகிதம் இல்லை, சேமிப்புப் பேச்சு இல்லை. ஓர் இளம் ஜோடி கல்யாணம் செய்துகொண்டு காரில் ஏறிப் போகிறார்கள், பின்னால் ஒரு பாட்டு, கடைசியில் வங்கியின் பெயர். பாட்டை எழுத முதலில் கேட்டது டோனி ஆஷரை. அவருக்குப் பனிச்சறுக்கில் கை முறிந்துவிட்டதால் ரோஜர் நிக்கல்ஸ், பால் வில்லியம்ஸ் இருவரையும் கைகாட்டினார். இருவரும் ஏ அண்ட் எம்மிலேயே சம்பளத்துக்குப் பாட்டு எழுதிக்கொண்டிருந்தவர்கள்.

ரிச்சர்ட் ஒருநாள் தொலைக்காட்சியில் அந்த விளம்பரத்தைப் பார்த்தார். பின்னால் பாடுகிற குரல் பால் வில்லியம்ஸுடையது என்று அடையாளம் தெரிந்தது. அடுத்து கம்பெனி வளாகத்தில் வில்லியம்ஸைப் பார்த்ததும், இது முழுப்பாட்டாக இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. ‘வீ ஹேவ் ஒன்லி ஜஸ்ட் பிகன்’ அப்படித்தான் ஆல்பத்தின் முதல் பாட்டானது. தனி சிங்கிளாகவும் வந்து இரண்டாம் இடம் வரை போனது. மேலே ஏறவிடாமல் வாரக்கணக்கில் மறித்து நின்றவர்கள் ஜாக்சன் 5 பையன்கள். அமெரிக்கக் கல்யாணங்களில் கெட்டிமேளம் மாதிரி அது கட்டாயமாகிவிட்டது. வங்கிக்காக எழுதிய பாட்டு என்பது எத்தனை மணமக்களுக்குத் தெரிந்திருக்கும்! 1971இல் கர்டிஸ் மேஃபீல்ட் தன் மேடைப் பதிவில் இதையே எடுத்துப் பாடியபோது, கறுப்பின மக்களின் உரிமைப் பயணத்தைப் பற்றிய பாட்டாகவே அது கேட்டது. வரிகள் மாறவில்லை, பாடியவர் மாறினார்.

மற்ற பத்துப் பாடல்களும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். பீட்டில்ஸின் ‘ஹெல்ப்’பை இழுத்துப் பாடியது முதல் ஆல்பத்து வித்தையைத் திரும்பச் செய்வது; தேவையில்லை. ரால்ஃப் கார்மைக்கேலின் ‘லவ் இஸ் சரண்டர்’ காதில் விழுந்து நழுவிவிடும். டிம் ஹார்டினின் ‘ரீசன் டு பிலீவ்’ நல்ல தேர்வு. பேக்கரக்கின் இன்னும் இரண்டு பாட்டுகள் இரண்டாம் பக்கத்தைத் திறந்துவைக்கின்றன. ரிச்சர்டும் பெட்டிஸும் எழுதிய ‘கிரசன்ட் நூன்’ யாரும் பேசாத பாட்டு. இலையுதிர்காலத்துக் குளிர் அப்படியே இருக்கிறது. கேரனின் குரலில் எவ்வளவு இருட்டு உண்டு என்பதற்கு ஆல்பத்தில் இதுதான் சாட்சி. நான் சொல்லி ஒருவராவது தேடிக் கேட்டால் இந்த அத்தியாயம் எழுதியதற்குப் பலன் கிடைத்ததாக எடுத்துக்கொள்வேன்.

உறையில் தயாரிப்பாளர் என்று ஜாக் டாகர்ட்டியின் பெயர் இருக்கிறது. உண்மையில் ஒலியை வடித்தது ரிச்சர்டின் காது. இந்த முரண் பின்னால் மனக்கசப்பாகி, 1972இல் டாகர்ட்டி விலக்கப்பட்டு, நீதிமன்றம் வரை போனது. அது நீண்ட கதை, இங்கே வேண்டாம்.

ஆல்பம் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம் வரை வந்தது. 1971 மார்ச் 16 அன்று கிராமி விருது விழா. சிறந்த புதுமுகம் விருது கார்பென்டர்ஸுக்கு. தோற்றவர்களில் எல்டன் ஜான் என்ற இங்கிலாந்துக்காரரும் உண்டு. சிறந்த குழுப் பாட்டுக்கான விருதும் கிடைத்தது. ஆண்டின் சிறந்த ஆல்பம், சிறந்த பதிவு இரண்டுக்கும் போட்டியில் இருந்தார்கள். இரண்டையும் சைமன் அண்ட் கார்ஃபங்கலின் ‘பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்’ அள்ளிக்கொண்டது. இதில் ஒரு வேடிக்கை. அந்த ஆல்பத்தில் டிரம்ஸ் யார்? ஹால் பிளெய்ன். பேஸ்? ஜோ ஆஸ்போர்ன். தலைப்புப் பாட்டின் பியானோ? லாரி நெக்டெல், அதே நெக்டெல், ‘க்ளோஸ் டு யூ’வின் இரண்டாவது பதிவில் அழுத்தம் கூடிப்போனவர். ஜெயித்த பக்கமும் தோற்ற பக்கமும் அதே கைகள்தான். அதே 1971இல் நெக்டெல் பிரெட் குழுவில் சேர்ந்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் தேவைப்படும்.

ராக் விமர்சகர்களுக்கு இவர்களைக் கண்டாலே ஆகாது. தலைமுடி ஒழுங்கு, பல் வரிசை, சிரிப்பு எல்லாமே குற்றம். 1973 மே 1 அன்று அதிபர் நிக்சன், மேற்கு ஜெர்மனித் தலைவர் வில்லி பிராண்ட்டுக்குக் கொடுத்த விருந்தில் இவர்களைப் பாட வைத்துப் பாராட்டியது எரிகிற தீயில் எண்ணெய். ஆனால் 2003இல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை எக்காலத்துக்குமான 500 ஆல்பங்களைப் பட்டியலிட்டபோது ‘க்ளோஸ் டு யூ’ 175ஆம் இடத்தில் இருந்தது. இறங்கிவர 33 ஆண்டு. அதற்குள் கேரன் இறந்தே 20 ஆண்டு ஆகிவிட்டது. 1983 பிப்ரவரி 4, டவுனியில், 32 வயதில். உணவை வெறுக்க வைக்கும் அனோரெக்ஸியா நோய் பல ஆண்டுகளாக அரித்து, இதயத்தை நிறுத்தியது. அதை இந்தத் தொடர் அதன் இடத்தில் சொல்லும்.

1970 இலையுதிர்காலத்துக் கச்சேரிகளுக்குத் திரும்புவோம். வானொலியில் கேட்ட குரலைப் பார்க்கக் கூட்டம் வருகிறது. மேடையில் பார்த்தால் குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. ஐந்தடி நான்கு அங்குலப் பெண். முன்னால் டாம்களும் சிம்பல்களும் சுவர் கட்டியிருக்கின்றன. முன்னால் வந்து நின்று பாடு என்று எல்லோரும் சொன்னார்கள்: அண்ணன், மேலாளர்கள், பத்திரிகைகள். கேரனுக்கு மனமில்லை. கைக்கு வேலையில்லாமல் வெறும் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆயிரம் கண்கள் முன் நிற்பது அவருக்குக் கூச்சம். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவந்தார். முதலில் மெதுவான பாட்டுகளுக்கு மட்டும். 1971இல் கச்சேரிகளுக்கு வேறொரு டிரம்மரைச் சேர்த்தார்கள். 1976 டிசம்பரில் தொலைக்காட்சிச் சிறப்பு நிகழ்ச்சி வந்தபோது, ஒரு செட்டிலிருந்து இன்னொன்றுக்கு ஓடி ஓடி டிரம்ஸ் வாசித்துக் காட்டினார். வாய் பிளக்க வைக்கிற வாசிப்பு. ஆனால் அதற்குள் அது நிகழ்ச்சிக்கு நடுவில் வரும் ஒரு வித்தையாகிவிட்டிருந்தது.

‘க்ளோஸ் டு யூ’ இசைத்தட்டின் முதல் பக்கம் தலைப்புப் பாட்டோடு முடிகிறது. பலர் அங்கேயே ஊசியைத் தூக்கியிருப்பார்கள். திருப்பிப் போட்டுக் கடைசி வரை விட்டால், ‘அனதர் சாங்’ என்று ஒரு பாட்டு வரும். தொடக்கத்தில் மற்ற பாட்டுகளைப்போலச் சாதுவாக இருக்கும். வரிகள் தீர்ந்ததும் குரல் நின்றுவிடும். அதற்குப் பிறகு வாத்தியங்கள் மட்டும், ஜாஸ் பக்கம் சாய்ந்து, ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகும். ஆல்பத்தில் வேறெங்கும் இல்லாத முரட்டுத்தனம், கொஞ்சம் அவிழ்த்துவிட்ட கூத்து. அதில் டிரம்ஸ் வாசிப்பது ஹால் பிளெய்ன் இல்லை.

(தொடரும்)